மண் சுவரும் பொருத்து வீடும்

கொட்டியாரக் குடாவிலே 1660 ஆம் ஆண்டில் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் சிறைபிடிக்கப்பட்ட ஆங்கில மாலுமி றொபேட் நொக்ஸ், 19 ஆண்டுகள் கழித்துத் தப்பியோடி, 1681 இல் இலண்டனில் இலங்கை பற்றிய தன் நூலை வெளியிட்டான். மன்னனின் கொடுமையைப் பற்றியும் யானைகளைப் பற்றியும் அவன் எழுதியவற்றைப் பலர் எடுத்துக்காட்டுவர். நாம் மீண்டும் மீண்டும் திரும்பிச் செல்லும் இடம் வேறு. கண்டி நாட்டுக் குடிமக்களின் வீடுகள் சிறியவை, தாழ்ந்தவை, கம்பு கட்டிக் களிமண் பூசியவை என்று கூறும் நொக்ஸ், அம்மக்கள் மாடி எழுப்பவோ, கூரைக்கு ஓடு போடவோ, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கவோ அனுமதிக்கப்படவில்லை என்றும் குறித்துச் செல்கிறான்.

சுண்ணாம்பு சுடத் தெரியாத மக்களல்லர் அவர்கள். விகாரைகளுக்கும் அரண்மனைக்கும் சாந்து குழைத்தவை குடிமக்களின் கைகளே. ஓடு வனைந்து சுட்டவையும் அக்கைகளே. தம் சொந்தச் சுவருக்கு அதனைப் பூசும் உரிமைதான் இல்லை. சுண்ணாம்பை ஒத்த வெண்மையுடைய ஒருவகை மண்ணைச் சிலர் சில வேளைகளிற் பூசிக்கொண்டனர் என்றும் நொக்ஸ் எழுதுகிறான். அந்த வெள்ளை மண்ணைத் தேடிப்போன மனிதனை நம்மால் மறக்க முடியவில்லை.

ஒருவன் எத்தகைய சுவருக்குள் வாழ்வது என்பதை ஆற்றங்கரைக் களிமண்ணும் காட்டுக் கம்பும் மட்டும் தீர்மானிப்பதில்லை, அதிகாரமும் தீர்மானிக்கிறது. இன்று மன்னனில்லை. ஆயினும் ஏழையின் சுவரைப் பற்றி ஏழையைக் கேளாமலே முடிவு செய்யும் வழக்கம் ஒழிந்துவிட்டதா? 2015 ஆம் ஆண்டளவில் வடக்குக் கிழக்கு மாகாணங்களில் எழுந்த 'பொருத்து வீடு' விவகாரத்தை முன்வைத்து இக்கேள்வியை ஆராய விரும்புகிறோம்.

நாம் வாழும் ஈச்சிலம்பற்று, அக்கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, மகாவலியின் கிளையாகிய வெருகலாறு கடலோடு கலக்கும் பகுதியில் உள்ளது. வயலும் சேனையும் மாடும் மீன்பிடியுமே இங்குள்ளோரின் வாழ்வு. இங்கே மண்வீடு எழும் விதத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் இன்றைய மாணவர் பலர் அதனைக் கண்டதில்லை. முதலிற் காட்டிலிருந்து கப்புக்கள் வரும். அவற்றை நட்டு, வளையும் கைமரமும் ஏற்றி, சுவர் எழுமுன்னரே கூரையை வேய்ந்துவிடுவர். கிடுகோ வைக்கோலோ இலுக்குப் புல்லோ, கையிற் கிடைப்பது எதுவோ அது. அதன் பின்னரே கப்புக்களின் உள்ளும் புறமும் வரிச்சுக் கம்புகளைக் கிடையாக வைத்துக் கட்டுவர். இரு வரிசைக்கும் நடுவே மிதித்துப் பதமாக்கிய களிமண்ணை உருண்டை உருண்டையாகத் திணித்து, இரு பக்கமும் அப்புவர். புற்றுமண் கிடைத்தால் மிக நன்று. மண் காய்ந்து வெடித்ததும் மறுபூச்சு. அதற்கும் பின்னர் சாணமிட்டு மெழுகுதல். தச்சு வேலைக்கு மட்டும் ஒருவரைக் கூலிக்குப் பிடிப்பர். மற்றதெல்லாம் உறவும் அயலும் சேர்ந்து செய்யும் கைம்மாற்று வேலை. இன்று என் வீட்டுக்கு நீ, நாளை உன் வீட்டுக்கு நான்.

அந்த வீட்டின் அளவை வகுத்தவர் யார்? வீட்டுக்காரரே. காலடியால் அளந்து, கயிறு பிடித்து, நெல் மூடைக்கு இவ்வளவு இடம், பிள்ளைப்பேற்றுக்கு ஒரு மறைவு, கிழவருக்குத் திண்ணை என்று அவரும் மனைவியும் முடிவு செய்தனர். மகளுக்குக் கலியாணம் என்றால் ஒரு பக்கத்துச் சுவரை உடைத்து ஓர் அறை சேர்த்தனர். தமக்கென வகுத்து அமைக்கும் வீடு இன்று பணக்காரரின் ஆடம்பரமாகக் கருதப்படுகிறது. வறியவர் அதனைப் பல நூறாண்டுகளாகக் கட்டிவந்தனர் என்பதை நாம் மறந்துவிட்டோம்.

மண்வீட்டைப் போற்றிப் பாடுவது நமது நோக்கமன்று. கறையான் ஏறும், மாரியிற் சுவரின் அடி கரையும், பாம்பு புகும். பொழுதெல்லாம் குனிந்து மெழுகிய பெண்களின் முதுகுகளே அதன் உறுதிக்கு விலையாயின. நகரத்திலிருந்து வந்து மண்சுவரைப் படம் பிடித்துப்போகும் அன்பர்கள் ஒரு மாரிகாலம் அதற்குள் இருந்துவிட்டுப் பேசினால் நன்றாயிருக்கும்.

2004 மார்கழி 26 இல் ஆழிப்பேரலை கரையோர வீடுகளை அள்ளிச் சென்றது. அடுத்த ஆண்டு அரசாங்கம் தெற்கிலே கரையிலிருந்து 100 மீற்றரையும் வடக்குக் கிழக்கிலே 200 மீற்றரையும் வீடு கட்டலாகாத வலயமென அறிவித்தது. கிழக்குக் கடலின் அலைக்கு இரட்டிப்புக் கால்கள் இருந்தன போலும்! அவ்விதி பின்னர் தளர்த்தப்பட்டது. ஆனால் வீடு கட்டித்தர வந்தோர் அதற்குள் இடமும் அளவும் வரைபடமும் தாமே வகுத்திருந்தனர். வீட்டுக்குரியவர் கைநாட்டு இடும்போதுதான் தம் வீட்டைப் படத்திற் கண்டார்.

2006 ஆடியில் மாவிலாற்று மதகு மூடப்பட்டதைத் தொடர்ந்து போர் மூண்டது. அப்போது நாம் பள்ளி மாணவர். மூதூர் கிழக்கிலிருந்தும் ஈச்சிலம்பற்றிலிருந்தும் மக்கள் வெருகலாற்றைக் கடந்து வாகரைக்கும், பின்னர் மட்டக்களப்புப் பக்கத்து முகாம்களுக்கும் சென்றனர். 2007 இல் திரும்பி வந்தபோது நம் வீட்டின் கூரை இல்லை. கூரை போனால் மண்சுவர் ஒரு மாரியைத் தாங்காது. வரிச்சுக் கம்புகள் விலா எலும்புகளைப் போல நிற்க, அவற்றின் காலடியிலே களிமண் குவிந்து கிடந்தது. அம்மா அக்குவியலைக் கையால் கிளறிப் பார்த்துவிட்டு, "இந்த மண் இன்னொரு சுவருக்குக் காணும்" என்றார். அதற்குமுன் நாம் இருந்தது ஒரு தகரக் கொட்டிலில். வெயில் நேரத்தில் உள்ளே கால் வைக்க முடியாது.

தொழிற்சாலையில் ஆக்கிய வீட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு; அது வறியோரைக் கருதியே தொடங்கிற்று. 1930களில் அமெரிக்காவைப் பெரும் பொருளாதார வீழ்ச்சி வாட்டிக்கொண்டிருந்தபோது, விஸ்கொன்சின் மாநிலத்து மடிசன் நகரிலுள்ள வனப்பொருள் ஆய்வுகூடம் மரத்தைச் சிக்கனப்படுத்தி மலிவாக வீடு கட்டும் வழியை நாடியது. 1935 அளவில் அது கண்ட முறை எளிது: மெல்லிய ஒட்டுப்பலகைகள் இரண்டை ஒரு சட்டத்தின் இருபுறமும் ஒட்டிவிட்டால், வெறும் போர்வையாகக் கிடந்த பலகையே பாரத்தையும் தாங்கத் தொடங்குகிறது. 1952 இல் அல்டன் டவ் என்னும் கட்டடக் கலைஞர் மிட்லண்ட் நகரில் அந்தப் பலகைகளுக்கு நடுவே நுரையை வைத்து வீடு அமைத்தார். வெளித்தட்டுக்கள் இழுவையையும் அமுக்கத்தையும் ஏற்கின்றன. நடுவிலுள்ள நுரை அவை விலகாமலும் வழுகாமலும் பிடித்துக்கொள்கிறது. வெப்பம் ஊடுருவுவதையும் தடுக்கிறது. அழகிய ஏற்பாடுதான். ஆனால் அல்டன் டவ், அந்நுரையை உற்பத்தி செய்த டவ் இரசாயன நிறுவனத்தை நிறுவியவரின் மகன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்காக நுரை வந்ததா, நுரையை விற்பதற்காக வீடு வந்ததா என்று கேட்பது குறும்பாக இருக்கலாம்; தவறாகாது.

பனி நாட்டிலே இச்சுவரின் பயன் தெளிவு. உள்ளே மூட்டிய வெப்பம் வெளியே போகாமற் காக்கிறது. கச்சான் வீசும் ஆனி ஆடியில் ஈச்சிலம்பற்றில் வேண்டுவது அதுவா? கூரை வழியே இறங்கும் வெப்பத்துக்குத் தடையும், காற்று புகுந்து போக வழியும், சுவருக்கு நிழலும் வேண்டும். அடைத்த பெட்டியைக் குளிரூட்டும் பொறி இருப்பவர்க்கு நுரைச்சுவர் மின்கட்டணத்தைக் குறைக்கும். விறகடுப்பு எரியும் வீட்டுக்கு முதலில் வேண்டியது புகைபோக்கி. நுரையைக் கறையான் தின்னாது. ஆயினும் அதனுள் வழி குடைந்து செல்லும்.

முன்னாக்கப் பலகையையே பகையென்று கொள்வோரும் உளர். நாம் அவருள் ஒருவரல்லோம். போரால் அழிந்த சோவியத் நாட்டில், 1954 இறுதியில் குருசேவ் கட்டடத் தொழிலாளர் மாநாட்டிலே தொழிற்சாலை முறைக் கட்டடத்தை வற்புறுத்தினார். தொடர்ந்து எழுந்த கொங்கிறீட் பலகை மாடிகள், ஓர் அறையிற் குடும்பம் முழுவதும் நெருங்கி வாழ்ந்த இலட்சோபலட்சம் மக்களுக்குத் தனிக் கதவைத் தந்தன. தளம் தாழ்வு, சமையலறை சிறிது என்ற குறைகளையும் அம்மக்களே சொன்னார்கள். ஆயினும் அப்பலகைகளை வார்த்தவை அந்நாட்டுத் தொழிற்சாலைகள். கூலி பெற்றவர் அந்நாட்டு உழைப்பாளர்.

இனி நமது நாட்டுக்கு வருவோம். போரின் பின் இந்திய அரசு நன்கொடையாக வழங்கிய வீட்டுத் திட்டத்தில் வடக்குக் கிழக்குக்கு ஒதுக்கப்பட்டவை ஏறத்தாழ 46,000 வீடுகள். 2012 ஒக்டோபரில் தொடங்கிய இக்கட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா, கட்டுமானம் வளர வளரத் தவணை தவணையாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே வந்தது. மேசனைத் தேடியவரும், மணலுக்கு விலை பேசியவரும், நின்று கல் அடுக்கியவரும் வீட்டுக்காரரே. பணம் போதாமற் பலர் கடன்பட்டனர். நகை அடகு சென்றது. இவற்றை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் குசினி எந்தப் பக்கம் என்பதை வீட்டுப் பெண் சொன்னாள். கூலி ஊருக்குள்ளேயே சுழன்றது.

2015 - 2016 இல் மீள்குடியேற்ற அமைச்சு வேறொரு திட்டத்தைக் கொணர்ந்தது. உலகப் பெரும் உருக்கு நிறுவனமாகிய ஆர்சலர் மிட்டல், 65,000 உருக்கு வீடுகளைப் பொருத்தித் தரும். நுரைப்பலகை வீடும் உருக்கு வீடும் ஒன்றல்ல. ஆயினும் இரண்டும் ஒரே எண்ணத்தின் பிள்ளைகள்: தொலைவிலுள்ள ஆலையிற் சுவரை ஆக்கி, குடியிருப்பவரின் நிலத்திற் கொண்டுவந்து பூட்டுவது. வீடொன்றின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. அதே காலத்தில் கல்வீடு ஒன்றுக்கு அரசு வழங்கிய தொகை 8 இலட்சம். ஒன்றின் விலையில் இரண்டு கல்வீடு எழுந்து, மிச்சமும் இருக்கும்! பொறியியலாளரும் பொருளியலாளரும் தமிழ்ப் பிரதிநிதிகளும் எதிர்த்தனர். உப்புக்காற்றில் உருக்கு எத்தனை ஆண்டு நிற்கும், விறகடுப்பு வெக்கைக்கு அச்சுவர் என்னாகும், பிள்ளைக்கு ஓர் அறை சேர்க்க வேண்டுமாயின் எந்த மேசன் எதைக் கொண்டு சேர்ப்பான், பழுதுற்ற பகுதிக்கு மாற்று எங்கே வாங்குவது என்று கேட்டனர்.

பல்லாயிரம் குடும்பங்கள் விண்ணப்பித்திருப்பதை அமைச்சு தன் சான்றாகக் காட்டியது. பத்தாண்டு தகரத்தின் கீழ் கிடந்தவரிடம் "இதை ஏற்கிறாயா, ஒன்றுமில்லாமல் இருக்கிறாயா?" என்று கேட்டால் அவர் வேறென்ன எழுதுவார்? 'இதே பணத்தில் எந்த வீடு உனக்கு வேண்டும்?' என்று அவ்விண்ணப்பம் கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் 21 இலட்சத்தில் எவ்வளவு வவுனியாவிலும் வெருகலிலும் மேசனின் சட்டைப்பையிற் சேரும், எவ்வளவு கடல் கடந்து போகும் என்ற கணக்கும் வெளிப்பட்டிருக்கும்.

65,000 வீடு என்ற அத்திட்டம் எதிர்ப்பின் நடுவே நிறைவேறாமற் போயிற்று. 2018 இல் சீன ரயில்வே பெய்ஜிங் பொறியியல் நிறுவனத்துக்கு 40,000 வீடுகளை ஒப்படைக்கும் ஏற்பாடு எழுந்தது. கொங்கிறீட் வீடு வேண்டாம், கல்வீடே வேண்டுமென்று மக்கள் மறுத்தனர். அவ்வாண்டு இறுதியில் அப்பணியின் ஒரு பகுதி இந்திய நிறுவனமொன்றின் பக்கம் திரும்பியது. நிறுவனங்களின் கொடிகள் மாறின. இத்தனை பேச்சுக்கும் நடுவே ஆண்டுகள் போயின என்பதே வீடற்றவர் கண்ட பயன். எதிர்த்தவர் பக்கம் நிற்கும் நாமும் இதனை ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

கல்வீடு கேட்பதோடு கேள்வி முடிந்துவிடுவதுமில்லை. செங்கல் சுட விறகு வேண்டும். சீமெந்துக் கல்லுக்கு மணல் வேண்டும். அம்மணல் மகாவலியின் மடியிலிருந்து வருகிறது. மணல் அள்ளி அள்ளி ஆற்றங்கரை இடிவதை நம் மாணவர் பள்ளிக்கு வரும் வழியிலேயே காண்கின்றனர். கேரளத்தில் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் முறை அது. கல்லும் சாந்தும் குறையும். நடுவிலுள்ள காற்றே வெப்பத்தைத் தடுக்கும். நுரை செய்யும் வேலையை வெறுங்காற்றைக் கொண்டு செய்யலாமென்று ஊர்க் கொத்தனுக்கே கற்றுக்கொடுத்தார் அம்மனிதர். மண்ணோடு சிறிது சீமெந்து கலந்து அழுத்தி எடுக்கும் கல்லையும் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தார் நெடுநாளாக ஆராய்ந்துள்ளனர். அக்கல்லை அழுத்தும் கைப்பொறி ஒன்று ஒரு கிராமத்துக்குப் போதும். 65,000 வீடுகளுக்கு ஒப்பந்தம் பேசிய எவரும் அதைப் பற்றிப் பேசியதாக நாம் அறியோம். அதில் ஒப்பந்தம் பண்ண என்ன இருக்கிறது?

2019 இன் இறுதியில் ஆட்சி மாறியபோது வீட்டுத் தவணைகள் பல நடுவழியில் நின்றன. 2021 நடுப்பகுதியில் 1,000 ரூபாவளவில் இருந்த ஒரு மூடை சீமெந்து, 2022 இல் 3,000 ரூபாவைத் தொட்டது. யன்னல் மட்டத்தோடு நின்ற சுவர்கள் நம் பிரதேசமெங்கும் காணக் கிடந்தன. நம் மாணவி ஒருத்தியின் வீட்டுக்குச் சென்ற ஆண்டு போயிருந்தோம். தளம் போடாத இரு அறைகளுக்கு மேலே தகரம் வைத்திருந்தார்கள். பின்பக்கத்திலே, சீமெந்துச் சுவரோடு ஒட்டி, ஒரு சிறு குசினி. கப்பு நட்டு, வரிச்சுக் கட்டி, மண் அப்பியது. அப்பூச்சு இன்னும் ஈரமாயிருந்தது. அதில் விரல் அடையாளங்கள் தெரிந்தன. "சீமெந்து வந்தால் இதை உடைப்பீர்களா?" என்று கேட்டோம். மாணவியின் தாயார் அடுப்பை ஊதிக்கொண்டே, "புகைக்கூண்டும் வைச்சுத் தருவாங்களென்றால் பார்ப்பம், சேர்" என்றார்.