பன்னிரண்டாம் இரவு (நாடகம்)

பன்னிரண்டாம் இரவு, வில்லியம் ஷேக்ஸ்பியர் ஏறத்தாழ 1601இல் எழுதிய ஐந்து அங்க இன்பியல் நாடகம். 1623இல் வெளிவந்த முதல் ஃபோலியோ தொகுப்பில்தான் முதன்முதலாக அச்சேறியது. கிறிஸ்துமஸ் கொண்டாட்டங்கள் நிறைவுறும் இரவின் பெயர் இதற்கு. அந்த நாள் கதையில் வருவதில்லை. அந்த நாளுக்குரிய தலைகீழ்க் கூத்து வருகிறது.

கப்பல் உடைந்து இல்லிரியா நாட்டுக் கரையில் ஒதுங்கும் வயோலா, தன் இரட்டைச் சகோதரன் செபாஸ்டியன் கடலில் மாண்டதாக நினைக்கிறாள். துணையற்ற ஊரில் ஆண் உடை தரித்து, செசாரியோ என்ற பெயரில் கோமகன் ஒர்சினோவிடம் பணிக்குச் சேர்கிறாள். ஒர்சினோ விரும்புவது சீமாட்டி ஒலிவியாவை. அவளோ இறந்த உடன்பிறந்தானுக்காக ஏழாண்டு துக்கம் காப்பதாக உறுதி பூண்டவள். அவளிடம் தூது போகும் வயோலாவின் மனத்தில் ஒர்சினோ இருக்கிறான்; தூது கேட்ட ஒலிவியாவின் மனத்தில் செசாரியோ குடியேறுகிறான்.

இந்தக் காதல்களில் மிகப் பலவீனமானது ஒர்சினோவுடையதே. ஏங்குவதில் அவனுக்கு நிகரில்லை. ஆனால் மேடையில் ஒலிவியாவை அவன் நேரில் சந்திப்பது கடைசி அங்கத்தில்தான். ஒலிவியாவின் மயக்கம் வேறு வகை. மனப்பாடம் செய்துவந்த புகழுரையைச் செசாரியோ ஒப்பிக்கும்வரை அவள் கேலி செய்கிறாள். காதலிப்பவன் தானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று அவன் பேசத் தொடங்கியதும் தடுமாறுகிறாள். வயோலா தன் சொந்த ஏக்கத்திலிருந்து பேசியதாலேயே அந்தச் சொல்லுக்கு உயிர் வந்தது. ஒலிவியாவை ஏமாற்றியது உடை. இழுத்தது உண்மையான காதல் பேச்சு. செசாரியோ விட்டுச்சென்றதாகப் பொய் சொல்லி அவள் ஒரு மோதிரத்தை அனுப்பும்போதுதான் வயோலாவுக்கு நடந்தது விளங்குகிறது.

கதைக்கரு புதிதல்ல. இத்தாலியின் சியேனா நகரில் 1530களின் தொடக்கத்தில் அரங்கேறிய ‘இங்கன்னாத்தி’ நாடகமும், பார்னபி ரிச் 1581இல் வெளியிட்ட அப்போலோனியஸ்–சில்லா கதையும் முன்னோடிகள். ரிச்சின் கதைநாயகி, தான் ஏற்கெனவே காதலித்த ஆணைத் தேடிக் கிளம்புகிறவள். ஷேக்ஸ்பியர் வரிசையை மாற்றினார்: வயோலா வேடம் போட்ட பிறகே காதலில் விழுகிறாள். அவளைக் காக்க வந்த உடையே அவள் வாயையும் அடைத்துவிடுகிறது.

வேடமே இல்லாமல் ஏமாறுபவன் ஒலிவியாவின் வீட்டு மேலாளன் மல்வோலியோ. பணிப்பெண் மரியா, தலைவியின் கையெழுத்தைப் போல எழுதிப் போட்ட கடிதத்தை நம்பி, மஞ்சள் காலுறையும் குறுக்கு நாடாவும் கட்டி இளித்தபடி வந்து நிற்கிறான். பைத்தியம் என்று இருட்டறையில் அடைபடுகிறான். தொடக்கத்தில் வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கும் இந்தக் கிளைக்கதை, இருட்டறைக் காட்சியில் கொடுமையாகவே மாறிவிடுகிறது. பழிவாங்குவேன் என்று சொல்லிவிட்டே அவன் வெளியேறுகிறான்.

உயிர்தப்பிய செபாஸ்டியனைச் செசாரியோ என்றெண்ணி ஒலிவியா மணந்துகொள்வதால்தான் முடிச்சு அவிழ்கிறது. ஒர்சினோ ஒரே காட்சியில் வயோலா பக்கம் திரும்புகிறான். இந்த வேகத்தை நம்பச் செய்வது நடிகர்களின் பாடு. வயோலாவின் பெயர் மேடையில் ஒலிப்பதே இந்த இறுதிக் காட்சியில்தான். அவளுடைய பெண்ணுடையைப் பாதுகாத்த மாலுமியை மல்வோலியோவின் வழக்கு சிறையில் வைத்திருப்பதால், அவள் ஆண் கோலத்திலேயே நாடகத்தை முடிக்கிறாள்.

அக்கால ஆங்கில மேடையில் பெண் பாத்திரங்களைச் சிறுவர்களே ஏற்றனர். ஆகவே பெண்ணாக நடித்த சிறுவன், ஆணாக வேடமிட்ட பெண்ணைக் காட்ட வேண்டியிருந்தது. 1602 பிப்ரவரி 2 அன்று லண்டன் மிடில் டெம்பிள் மண்டபத்தில் நடந்த காட்சியைச் சட்ட மாணவர் ஜான் மானிங்ஹாம் நாட்குறிப்பில் பதிந்தார்; அவர் ரசித்தது மல்வோலியோ ஏமாற்றப்பட்டதைத்தான். துக்க உடையைப் பார்த்தோ என்னவோ, ஒலிவியாவை விதவை என்றே குறித்துவைத்தார். நானூறாண்டு நிறைவையொட்டி 2002இல் அதே மண்டபத்தில் குளோப் அரங்கக் குழு ஆண்களை மட்டுமே கொண்டு இதை நடத்தியது. ஒலிவியாவாக மார்க் ரைலன்ஸ் நடித்தார்.