நூற்றி மூணாம் வரி

1999-இல் ஆபர்ன் பல்கலைக்கழக மாணவர் மார்க் ஸ்பென்சர் லினக்ஸ் சப்போர்ட் கம்பெனி ஒன்று தொடங்கினார். ஃபோன் சிஸ்டம் வாங்கக் காசில்லை. தானே எழுதிட்டார். அதுதான் ஆஸ்டரிஸ்க்.

எந்தக் கால் எங்கே போகணும் என்பதை அதில் டயல்பிளான் என்ற ஃபைலில் எழுத வேண்டும். ஆரம்பத்தில் ஒவ்வொரு வரிக்கும் 1, 2, 3 என்று கையாலேயே நம்பர். பேசிக் படித்தவர்களுக்கு 10, 20, 30 ஞாபகம் வரும். ஆனால் அங்கே நடுவில் 15-ஐச் சொருகலாம். இங்கே ஒரு வரி சேர்த்தால் கீழே உள்ள அத்தனை நம்பரையும் மாத்தணும்.

அதைவிட வில்லங்கம் 101. 2-ஆம் வரியில் டயல் செய்து எதிர்முனை பிஸி என்றால், ஆஸ்டரிஸ்க் 101-ஐக் கூட்டி 103-க்குத் தாவும். வாய்ஸ்மெயிலை அங்கே வைப்பார்கள். ஏன் 103 என்று ஃபைலில் எங்கேயும் இருக்காது. மேலே ஒரு வரி சேர்ந்து டயல் 3-க்கு நகர்ந்தால் தாவல் 104-க்குப் போகும். அங்கே ஒண்ணுமில்லை. டெஸ்ட் பண்ணும்போது யாராவது எடுத்துப் பேசிவிடுவதால் தப்பு தெரியாது. லைன் பிஸியா இருக்கும்போது கூப்பிட்டவருக்குத்தான் வாய்ஸ்மெயில் கிடைக்காது.

2005-இல் வந்த 1.2 பதிப்பில் நம்பருக்குப் பதில் 'என்' என்ற ஒரே ஆங்கில எழுத்து போதும், 'அடுத்தது' என்று அர்த்தம். வரிக்குப் பெயரும் வைக்கலாம். பிஸியா, எடுக்கலையா என்பதை டயல்ஸ்டேட்டஸ் என்ற வேரியபிளில் பார்த்து, அந்தப் பெயருக்கே அனுப்பலாம். 1.4-இல் 101 தாவல் இயல்பாகவே ஆஃப். என்னைக் கேட்டால் முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

இன்றைக்கும் கன்சோலில் டயல்பிளானைக் காட்டச் சொன்னால், வரிசையாக 1, 2, 3 என்றுதான் காட்டும்.