தாமிரபரணிக் கரையில் பல்லுக்குக் கேப்

சொத்தையாலோ முறிவாலோ பலம் இழந்த பல்லைச் சுற்றிலும் சீவிச் சிறிதாக்கி, உலோகத்தாலோ பீங்கானாலோ செய்த உறையை அதன்மேல் பொருத்தி, சிமெண்ட் வைத்து ஒட்டுவதே கேப் போடுதல். வேர் சிகிச்சை முடிந்த கடைவாய்ப்பல் உள்ளே குடையப்பட்டிருப்பதால், கடினமானதைக் கடிக்கும்போது பிளந்துவிடக்கூடும். அந்தப் பல் இன்னும் பல ஆண்டுகள் மெல்ல உதவ வேண்டுமானால் கேப் தேவை. திருநெல்வேலிச் சீமையில் இந்த எண்ணம் வேரூன்ற நெடுங்காலம் ஆயிற்று.

பல்வலிக்கு முன்பு இங்கே கைவைத்தியமே முதல் துணை. பல்லுக்குள் பூச்சி இருந்து அரிக்கிறது என்று நம்பி, கண்டங்கத்திரிப் பழத்தின் விதையைத் தணலில் இட்டு அந்தப் புகையை வாயில் பிடித்தார்கள். அரித்தது பூச்சி இல்லை, அமிலம் சுரக்கும் பாக்டீரியா. ஆனாலும் ‘பூச்சிப்பல்’ என்ற பேச்சு இன்றும் போகவில்லை. கிராம்புத் தைலம் வலியை மரக்கச் செய்தது. அது மெய்யான மருந்துதான். அதற்கும் அடங்காத பல்லைக் குறடு கொண்டு பிடுங்கினார்கள். நாவிதர்களில் பலர் அந்த வேலையை அறிந்திருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாசரேத் போன்ற ஊர்களில் மிஷன் மருத்துவமனைகள் எழுந்த பிறகும், பொதுவாகப் பல்லுக்கெனத் தனி மருத்துவர் இருந்ததில்லை. பிடுங்குவதே சிகிச்சை.

கேப்பின் தொடக்கக் கதை தங்கத்தின் கதை. தாமிரபரணியின் தென்கரையில் உள்ள ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அலெக்சாண்டர் ரீ நடத்திய அகழாய்வில், மெல்லிய தகடாக அடிக்கப்பட்ட தங்க நெற்றிப்பட்டங்கள் கிடைத்தன. பொன்னைத் தகடாக்கும் கைத்திறன் இந்த ஆற்றங்கரைக்கு அவ்வளவு பழையது. பழைய தங்கக் கேப்புக்கு வேண்டியிருந்ததும் இதே திறன்தான். பல்லின் சுற்றளவைக் கம்பியால் அளந்து, அந்த அளவுக்கு 22 காரட் தகட்டை வளையமாக்கிப் பற்றவைப்பார்கள். கடிக்கும் பரப்பின் மேடுபள்ளங்களை அச்சில் அடித்தெடுத்து, மூடியாக அதன்மேல் பொருத்துவார்கள். பார்வைக்குப் பளபளக்கும், ஆனால் ஈறோரத்தில் வளையம் சரியாகக் கவ்வாது. அந்த இடுக்கில் உணவு தங்கி, உள்ளே பல் மறுபடி அரிக்கும். பொன் அழகுக்காக நல்ல முன்பல்லையும் சீவி மூடிக்கொண்டவர்கள் இழந்தது அதிகம்.

1907இல் அமெரிக்கரான வில்லியம் டாகர்ட் மெழுகு வார்ப்பு முறையைப் பல் மருத்துவத்தில் பரவச் செய்தார். மெழுகில் வடிவம் செய்து, அதை அச்சுக்குள் வைத்து உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றும் முறை இது. தமிழ்நாட்டு ஸ்தபதிகள் செப்புத் திருமேனி வார்ப்பதும் இதே நெறியில்தான். ஈறோரம் இறுக்கமாகப் பொருந்தும் கேப் இதன்பிறகே எளிதாயிற்று. 1960களில் உலோகத்தின்மேல் பீங்கானைச் சுட்டு ஒட்டும் முறை வந்ததும், பல் நிறத்திலேயே கேப் கிடைத்தது.

நுட்பம் உலகில் இருந்தது; அதைச் செய்யும் ஆள் பக்கத்தில் இல்லை. சென்னை போன்ற பெருநகரங்களில் ஹூபெய் மாகாணத்திலிருந்து வந்த சீனக் குடும்பங்கள் பல் கட்டும் தொழில் நடத்தின. 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் பட்டம் பெற்றவர்களை ஒரு பிரிவிலும், பட்டமின்றி அனுபவத்தால் தொழில் செய்துவந்தவர்களை மற்றொரு பிரிவிலும் பதிவு செய்தது. சென்னையில் அரசுப் பல் மருத்துவப் படிப்பு 1953இல் தொடங்கியது. நெல்லையிலிருந்து சென்னைக்கு 600 கிலோமீட்டருக்கு மேல். பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964இலும், திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 1965இலும் வந்தன. மாவட்டத்தின் தென்கோடியில் காவல்கிணறு விலக்கில் ராஜாஸ் பல் மருத்துவக் கல்லூரி 1987இல் தொடங்கப்பட்டது.

இந்தத் தூரக் கணக்கைச் சிறிதாக நினைக்கக்கூடாது. பல்லைப் பிடுங்க ஒரு வருகை போதும். கேப்புக்கு முதலில் வேர் சிகிச்சை, பிறகு பல்லைச் சீவி அச்சு எடுத்தல், லேப்பில் செய்து வரும்வரை தற்காலிகக் கேப், கடைசியில் பொருத்துதல் என்று பல நடை. அம்பாசமுத்திரத்தில் நடவு வேலையில் இருக்கும் ஒருவருக்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாள் கூலி. பல்லைக் காப்பாற்றுவது சாத்தியமானதில், புதுப் பொருள்களைவிடப் பக்கத்திலேயே கிளினிக் வந்ததற்கே பங்கு அதிகம்.

இன்று கணினி உதவியால் கடைந்தெடுக்கும் சிர்கோனியா கேப்பும் புழக்கத்தில் உண்டு. எந்தப் பொருளில் செய்தாலும், கேப்புக்குள் இருப்பது சொந்தப் பல்தான். ஈறோரத்தில் கேப் முடியும் இடத்தில் அது மீண்டும் சொத்தையாகலாம். ஆத்தூர் வெற்றிலையும் பாக்கும் ஓயாமல் மெல்லும் வாயில் ஈறோரத்தில் கறை படிந்து அழுக்கு தங்குவது எளிது. கேப் போட்டவர்கள் அந்த ஓரத்தை இரவும் காலையும் துலக்கி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.