மணலில் எழுதிய விரல்

பெங்களூர்க் கண்டோன்மெண்டைச் சேர்ந்த ரிச்சர்ட்ஸ் டவுனில் தமிழ்க் குழந்தைக்கு வீதியில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம், வீட்டில் தமிழ். தமிழ் எழுத்தை அதற்கு எவ்வாறு அறிவிப்பது? நம் வரலாறே இதற்கு விடை கூறுகின்றது.

திண்ணைப் பள்ளிகளில் சிறுவர் மணலைப் பரப்பி, ஒலியைச் சொல்லிக்கொண்டே எழுத்தை விரலால் வரைந்து பழகினர். சென்னை எழும்பூரில் படைவீரரின் ஆதரவற்ற சிறுவர்க்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் இதனைக் கண்டு மேற்கொண்டார்; 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையுடன் சேர்ந்து, அது ‘சென்னை முறை’ என இங்கிலாந்தில் பரவியது.

1907இல் ரோமாபுரியில் ‘குழந்தைகள் இல்லம்’ தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையாரும், உப்புத்தாள் எழுத்துகளைக் குழந்தைகள் விரலால் தடவிப் பயிலச் செய்தார். எழுதுகோலைப் பிடிக்கும் முன்னரே கை எழுத்தின் வடிவை அறிந்துகொள்ளும். குழந்தை தன் பருவத்திற்கேற்பத் தானே முன்னேறும் என்பது அவர் கொள்கை. 1939இல் அடையாற்றுக்கு வந்த அவரை உலகப்போர் இந்நாட்டிலேயே நிறுத்தியது. 1946 வரை தங்கி, அடையாறு, கோடைக்கானல் முதலிய இடங்களில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். அவர் நெறி நாடெங்கும் வேரூன்றியது.

விஜயதசமியன்று அரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து எழுத வைக்கின்றோம். மறுநாளே பென்சிலைத் திணித்து, பக்கம் பக்கமாக எழுதப் பணிக்கின்றோம். தண்டனையாக வந்த தமிழைக் குழந்தை வெறுத்தால் குற்றம் யாருடையது? ஒரு தட்டு மணலும், நாளுக்கோர் எழுத்தும், நம் பொறுமையும் போதும். அயல் மாநிலத்திலும் தமிழ் தழைக்கும்.