சிறு கையும் வீட்டுப் பணியும்: ஒரு வரலாற்று நோக்கு

கல்முனைக்கு மேற்கே வயல்வெளிகளை அடுத்துள்ள சவளக்கடை போன்ற ஊர்களில், உம்மா முற்றம் கூட்டும்போது இரண்டு வயதுப் பிள்ளையொன்று ஈர்க்குக் கற்றையை இழுத்துக்கொண்டு பின்னே வருவது புதுமையான காட்சியன்று. "அங்கால போய் விளையாடு மகன்" என்று அதனை அனுப்பிவிடுவதும் புதுமையன்று. கூட்டிய குப்பையைப் பிள்ளை மீண்டும் கலைத்துவிடும் என்பதே காரணம். அற்பமாகத் தோன்றும் இந்நிகழ்ச்சி கல்வி வரலாற்றின் முக்கியமான வினாவொன்றைத் தன்னுள் கொண்டுள்ளது. அதனைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், உரோம் நகரின் சான் லொரென்சோ என்னும் தொழிலாளர் குடியிருப்பிலே, மரியா மொன்டிசோரி அம்மையார் தமது முதலாவது 'குழந்தைகள் இல்லத்தை'த் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கவனிப்பாரற்றுத் திரிந்த, பாடசாலை வயதை எட்டாத பிள்ளைகளே அங்குச் சேர்க்கப்பட்டனர். மருத்துவராகிய அம்மையார் அவர்களைக் கூர்ந்து நோக்கி, பொம்மைகளைக் காட்டிலும் உண்மையான வேலையே அவர்களைக் கவர்ந்ததெனக் கண்டார். கை கழுவுதல், தூசு துடைத்தல், மேசையில் தட்டுகளை அடுக்குதல், உணவு பரிமாறுதல் ஆகியன அங்குப் பாடங்களாயின. பிள்ளையின் உயரத்துக்கும் கைக்கும் ஏற்ற தளபாடங்களும் கருவிகளும் அமைக்கப்பட்டன. வளர்ந்தோர் வேலை முடியவேண்டுமென்று செய்வர். பிள்ளையோ செய்வதன் பொருட்டே செய்யும். துடைத்த மேசையை அது மீண்டும் துடைப்பது இதனாலேயே. இவ்வேறுபாட்டை உணர்த்தியமை அம்மையாரின் பெரும் பங்களிப்பாகும்.

இக்கருத்து நம் பக்கம் வந்த வரலாறும் அறியத்தக்கது. 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பையேற்று அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்தார். உலகப் போர் மூண்டு, 1940இல் இத்தாலியும் அதில் இறங்கவே, அவர் 1946வரை நாடு திரும்ப இயலாது இப்பிராந்தியத்திலேயே தங்கினார். 1944இல் இலங்கையிலும் ஆசிரியர் பயிற்சியொன்றை நடத்தினார். இன்று நம் நாட்டில் முன்பள்ளி என்றாலே 'மொன்டிசோரி' என்று வழங்குமளவுக்கு அப்பெயர் நிலைத்துவிட்டது. பெயர் நிலைத்த அளவுக்குத் துடைப்பம் நிலைக்கவில்லை. எழுத்தையும் எண்ணையும் விரைந்து கற்பிக்கும் ஆர்வத்தில் கைவேலை பல இடங்களிற் பின்தள்ளப்பட்டுவிட்டது.

உண்மையில், இப்பாடத்துக்கு உகந்த களம் நமது வீடுகளிலேயே இருந்தது. கிழக்குக் கரையோரத்துத் தமிழரிடையும் முஸ்லிம்களிடையும் தாய்வழிக் குடி முறையும், மகளுக்கு வீட்டைச் சீதனமாக வழங்கும் வழக்கமும் நிலவிவருவதை மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே விரிவாக ஆராய்ந்துள்ளார். மணமகன் மனைவியின் வீட்டுக்கே வருவதால், உம்மாவுடன் உம்மம்மாவும் சாச்சிமாரும் அணித்தே இருப்பர். சுளகிலே அரிசி புடைக்கும் ஒரு கை, கோழிக்குத் தவிடு போடும் மற்றொரு கை எனப் பல கைகளைப் பார்த்தே பிள்ளை வளரும். வந்தவர்க்கு வெற்றிலை வட்டாவை நீட்டும்போது தானும் வீட்டுக்காரரென அது உணரும். எவரும் பாடமாகக் கற்பிக்காத கல்வி இது.

அண்மைக்கால ஆய்வுகளும் இதனை வலியுறுத்துகின்றன. வார்னக்கன், தொமசெல்லோ என்னும் இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், 18 மாத வயதுடைய 24 குழந்தைகளுள் 22 பேர் அந்நியர் ஒருவருக்கு ஒரு முறையேனும் தாமாகவே உதவினர். அவர்களே 2008இல் வெளியிட்ட பிறிதோர் ஆய்வு, உதவிக்குப் பரிசுப்பொருள் பெற்ற குழந்தைகள் பின்னர் உதவுவது குறைந்ததைக் காட்டிற்று. உதவும் விருப்பம் இயல்பாகவே உண்டு. கூலி கொடுத்தால் அது தேய்கின்றது.

இவ்விடத்து ஒரு தடை எழலாம். பிள்ளையை வேலையில் ஈடுபடுத்துவது சிறுவர் உழைப்புக்கு வழி திறவாதா? 1956ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டம் சிறுவரைத் தொழிலில் அமர்த்துவதைக் கட்டுப்படுத்தியது; தொழிலுக்கான குறைந்தபட்ச வயது 2021இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. வறுமையால் அயலார் வீட்டு அடுக்களைக்கு அனுப்பப்பட்ட சிறுமியரின் துயரத்தை அறிந்தோர் இச்சட்டங்களின் அருமையை உணர்வர். எனவே எல்லையைத் தெளிவாக வகுத்தல் வேண்டும். பிள்ளை விரும்பி வருவதும், விரும்பியபோது விட்டுச் செல்வதும், அதன் உழைப்பை நம்பி வீடு நடவாமையுமே அவ்வெல்லையாகும். நெருப்பும் கத்தியும் கிணற்றடியும் அதற்கு அப்பாற்பட்டவை.

மற்றுமொரு குறையும் நம்மிடம் உண்டு. இரண்டு வயதில் ஆண்பிள்ளை, பெண்பிள்ளை இருவருமே ஈர்க்கைத் தூக்கிக்கொண்டு வருகின்றனர். "உனக்கு ஏலாது" என்று அப்போது இருவரையும் விலக்குகிறோம். பத்து வயதில் பெண்பிள்ளையை மட்டும் கட்டாயப்படுத்தி அழைக்கிறோம். விருப்பத்தோடு வந்த காலத்தில் மறுத்ததையே பின்னர் கடமையென ஒருத்தியின் தலையில் மட்டும் சுமத்துவது நீதியாகுமா?

குப்பை சற்றுக் கலையட்டும். செம்புத் தண்ணீர் சிறிது சிந்தட்டும். முற்றத்தை மறுமுறை கூட்டிக்கொள்ளலாம். விலக்கப்பட்ட சிறு கையை மீண்டும் அழைப்பது அத்துணை எளிதன்று.