ஜெனோவாவிலிருந்து புறப்பட்ட சிறுநூல்

அது முதலில் ஒரு கடிதம்தான். இத்தாலியின் ஜெனோவா நகரில் பேராசிரியராக இருந்த ஸ்தனிஸ்லாவோ கன்னிசாரோ, பீசாவில் வேலை பார்த்த செபஸ்தியானோ தெ லூக்கா என்ற சக பேராசிரியருக்கு 1858 மார்ச் 12 அன்று எழுதியது. மாணவர்களுக்கு வேதியியலின் அடிப்படைகளைத் தான் எந்த வரிசையில் நடத்துகிறேன் என்று வகுப்பு வகுப்பாக அதில் சொல்லியிருந்தார். 'நுவோவோ சிமென்டோ' இதழ் அந்த ஆண்டே அதை வெளியிட்டது. அடுத்த ஆண்டு பீசாவில் தனிச் சிறுநூலாக அச்சேறியது. 'வேதியியல் தத்துவப் பாடத்தின் சுருக்கம்' என்று தலைப்பு. புதிய தனிமம் எதையும் அது அறிவிக்கவில்லை. பிறர் செய்துவைத்த அளவீடுகளை ஓர் ஆசிரியர் ஒழுங்காக அடுக்கிக் காட்டியதுதான் அதன் உள்ளடக்கம். நவீன வேதியியலைத் தூக்கி நிறுத்தியதில் அந்த அடுக்குதலுக்குப் பெரும் பங்கு உண்டு.

அன்றைக்கு நிலைமை எவ்வளவு குழம்பிக் கிடந்தது என்பதற்குத் தண்ணீர் ஒன்றே போதும். எடைப்படி பார்த்தால் ஒரு பங்கு ஹைட்ரஜனுக்கு எட்டுப் பங்கு ஆக்சிஜன். இதைத் தராசு சொல்லிவிடும். ஆனால் ஒரு துகள் தண்ணீரில் எத்தனை ஹைட்ரஜன் அணு இருக்கிறது என்று தராசு சொல்லாது. ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டால் ஆக்சிஜன் அணுவின் எடை 8. இரண்டு என்றால் 16. ஜான் டால்டன் எளிமையை நம்பி ஒன்றுக்கு ஒன்று என்று வைத்தார். அதேபோல் கார்பனுக்குச் சிலர் 6 என்றார்கள், சிலர் 12 என்றார்கள். ஒருவர் எழுதிய வாய்பாட்டை இன்னொருவர் படிக்குமுன் அவர் எந்தக் கட்சி என்று விசாரிக்க வேண்டியிருந்தது. அசிட்டிக் அமிலம் ஒன்றுக்கு மட்டும் புழக்கத்தில் இருந்த 19 வாய்பாடுகளை வேதியியலாளர் கெக்குலே தன் பாடநூலில் வரிசையாகத் தந்திருக்கிறார்.

இந்தச் சிக்கலுக்கு விடை ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது என்பதுதான் இந்தக் கதையில் மனம் ஆறாத பகுதி. 1808இல் கே-லுஸாக், வாயுக்கள் எளிய கன அளவு விகிதங்களில் சேர்வதைக் காட்டினார். இரண்டு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்சிஜனும் சேர்ந்தால் இரண்டு பங்கு நீராவி. 1811இல் அமேதியோ அவகாட்ரோ இதற்குக் காரணம் சொன்னார். ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம கன அளவுள்ள எல்லா வாயுக்களிலும் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கின்றன. ஒரு பங்கு ஆக்சிஜன் இரண்டு பங்கு நீராவிக்குள் போகிறதென்றால் ஆக்சிஜன் மூலக்கூறு இரண்டாகப் பிளந்தே ஆகவேண்டும். எவ்வளவு நேரான வாதம்!

டால்டன் ஏற்கவில்லை. எதிரெதிர் மின்தன்மையால்தான் அணுக்கள் பிணைகின்றன என்று நம்பிய வேதியியலாளர் பெர்ஸீலியஸின் கொள்கையில், ஒரே தனிமத்தின் இரண்டு அணுக்கள் ஒட்டிக்கொள்ள வழியே இல்லை. போதாக்குறைக்கு, வேதியியலாளர் டூமா தனிமங்களின் ஆவி அடர்த்தியை அளந்து பார்த்தபோது பாதரசத்துக்கு எதிர்பார்த்ததில் பாதி வந்தது, பாஸ்பரஸுக்கு இரு மடங்கு, கந்தகத்துக்கு மூன்று மடங்கு. கருதுகோளே தவறு என்று பலர் கைவிட்டார்கள். அவகாட்ரோ 1856இல் டூரினில் இறந்தார். ஜெனோவாக் கடிதம் எழுதப்பட்டது அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குள்.

கடிதத்தை எழுதியவர் அதுவரை ஆய்வுக்கூடத்திலேயே அடைந்து கிடந்தவரல்லர். கன்னிசாரோ 1826இல் சிசிலியின் பலெர்மோவில் பிறந்தவர். 1848இல் போர்பன் அரசுக்கு எதிராகச் சிசிலி எழுந்தபோது கிளர்ச்சியில் சேர்ந்தவர். அது ஒடுக்கப்பட்டதும் பிரான்சுக்குத் தப்பிப் போய், பாரிஸில் மறுபடி வேதியியலுக்குத் திரும்பினார். பிறகு இத்தாலியின் அலெசாந்திரியாவில் ஆசிரியர் வேலை, அங்கிருந்து ஜெனோவா. கரிம வேதியியல் படித்தவர்களுக்கு 'கன்னிசாரோ வினை' நினைவிருக்கும். அது அலெசாந்திரியாக் காலத்தது.

சிறுநூலின் மையத்தில் இருக்கும் வழிமுறையை விரிவாகவே பார்க்கலாம். ஆவியாகக்கூடிய சேர்மங்களை எடுத்துக்கொள்கிறார். ஹைட்ரஜன் மூலக்கூற்றில் இரண்டு அணு. ஆகவே அதன் எடை 2. இதோடு ஒப்பிட்டு மற்ற ஆவிகளின் அடர்த்தியைக் கணக்கிட்டால் மூலக்கூறு எடைகள் கிடைக்கும். கார்பன் உள்ள சேர்மங்களை வரிசைப்படுத்துவோம். கார்பன் மோனாக்சைடு 28. கார்பன் டையாக்சைடு 44. மீத்தேன் 16. எத்திலீன் 28. ஈதர் 74. ஒவ்வொன்றிலும் எடைப்படி எத்தனை சதவீதம் கார்பன் என்பது பகுப்பாய்வில் முன்பே தெரியும். மீத்தேனில் 75 சதவீதம், அதாவது 16இல் 12. கார்பன் டையாக்சைடில் ஏறக்குறைய 27.3 சதவீதம், 44இல் மறுபடி 12. மோனாக்சைடிலும் 12. எத்திலீனில் 24. ஈதரில் 48. எதிலும் 6 இல்லை, 18 இல்லை. 12 அல்லது அதன் மடங்குகள் மட்டுமே. ஒரே அச்சில் வார்த்த வெல்லக் கட்டிகளை எண்ணிக்கை தெரியாமல் பொட்டலம் கட்டி வைத்திருந்தாலும், பொட்டலங்களின் எடைகளை வைத்தே ஒரு கட்டியின் எடையைச் சொல்லிவிடலாம் அல்லவா? அதேதான் இங்கும். கார்பனின் அணு எடை 12. இதே வழியில் ஆக்சிஜனுக்கு 16 வருகிறது. தண்ணீரின் மூலக்கூறு எடை 18, அதில் ஹைட்ரஜன் 2. ஐம்பது ஆண்டுச் சச்சரவு ஓர் அட்டவணையில் தீர்ந்துவிடுகிறது.

டூமாவைத் திகைக்கவைத்த எண்களுக்கும் இடம் கிடைத்தது. எல்லாத் தனிமங்களின் மூலக்கூறிலும் இரண்டு அணுதான் இருக்கவேண்டும் என்று யார் சொன்னது? பாதரச ஆவியில் ஒன்று, பாஸ்பரஸில் நான்கு, டூமா அளந்த வெப்பநிலையில் கந்தகத்துக்கு ஆறு. முரண்டு பிடித்த இன்னொன்று நவச்சாரம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் வைத்திருப்பார்களே, அதுதான். அதன் ஆவி அடர்த்தி பாதியாக வரக் காரணம், சூட்டில் அது அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிந்துவிடுவது. ஆவியாகாத உலோகங்களுக்குத் தன்வெப்பத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டார் கன்னிசாரோ. தான் தெளிவடைந்த பாதையிலேயே மாணவர்களையும் நடத்திச் செல்கிறேன், அந்தப் பாதை வேதியியல் கொள்கைகளின் வரலாறுதான் என்று அவர் கடிதத்தில் சொல்கிறார். எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். பாடத்தை எந்த வரிசையில் நடத்துவது என்று யோசித்ததிலிருந்தே அவருடைய அறிவியல் பங்களிப்பு பிறந்தது என்பேன்.

அச்சேறிய பிறகும் இத்தாலிக்கு வெளியே அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. சிறுநூல் எல்லை தாண்டியது 1860இல். அணு என்றால் என்ன, மூலக்கூறு என்றால் என்ன என்று உடன்பாடு காணலாம் என்று கெக்குலே, வூர்ட்ஸ், வெல்ட்சியன் மூவரும் ஐரோப்பிய வேதியியலாளர்களைச் செப்டம்பர் 3ஆம் தேதி ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹ நகரில் கூட்டினார்கள். மூன்று நாள் பேச்சு. கடைசி நாள் டூமா தலைமையில் நடந்த அமர்வில் கன்னிசாரோ எழுந்து வாதாடினார். கரிமப் பொருள்களுக்கு ஒரு வேதியியல், கனிமப் பொருள்களுக்கு ஒரு வேதியியல் என்று டூமா பிரித்துப் பேசியதை அவர் ஏற்கவில்லை. அறிவியல் கேள்விகளை வாக்கெடுத்து முடிவு செய்ய முடியாது என்ற கருத்தே மேலோங்கியது. உடன்பாடு இல்லாமலேயே கூட்டம் கலைந்தது.

கலைகிற நேரத்தில் கன்னிசாரோவின் நண்பர் ஆஞ்செலோ பவேசி, சிறுநூலின் பிரதிகளை வந்தவர்களுக்கு வினியோகித்தார். ஒரு பிரதி லோதர் மேயர் என்ற இளைஞரின் சட்டைப்பைக்குப் போனது. ஊர் திரும்பும் வழியில் படித்தார். வீட்டுக்குப் போயும் திரும்பத் திரும்பப் படித்தார். சந்தேகங்கள் விலகி மனத்தில் அமைதியான உறுதி வந்தது என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். 1864இல் அவர் வெளியிட்ட 'வேதியியலின் நவீனக் கொள்கைகள்' என்ற நூல் இந்த அணு எடைகளின் மேல் கட்டப்பட்டது.

கூட்டத்துக்கு வந்திருந்த இன்னோர் இளைஞர், அப்போது ஹைடல்பெர்கில் தங்கி ஆய்வு செய்துகொண்டிருந்த 26 வயது மெந்தெலீவ். 1869இல் தனிமங்களை அணு எடைப்படி அடுக்கி ஆவர்த்தன விதியைக் கண்டது அவர்தான். பழைய எடைகளைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அடுக்கு அமைந்திருக்காது. 1889இல் லண்டனில் ஆற்றிய ஃபாரடே சொற்பொழிவில் கார்ல்ஸ்ரூஹவையும் கன்னிசாரோவையும் அவர் நன்றியோடு குறிப்பிட்டார்.

1891இல் மேயரே பதிப்பாசிரியராக இருந்து சிறுநூலை ஜெர்மன் மொழியில் கொண்டுவந்தார். சட்டைப்பைக் கதை நமக்குக் கிடைப்பது அந்தப் பதிப்பின் குறிப்புகளிலிருந்துதான். அதே ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டி கன்னிசாரோவுக்குக் கோப்ளி பதக்கம் அளித்தது. பிற்பாடு எடின்பரோவின் அலெம்பிக் கிளப் ஆங்கிலப் பதிப்பை வெளியிட்டது.

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 'ஒப்பு மூலக்கூறு நிறை = 2 × ஆவி அடர்த்தி' என்று ஒரு சமன்பாடு வருகிறது. அவகாட்ரோ விதியிலிருந்து அதை வருவித்தும் காட்டுகிறார்கள். பிள்ளைகள் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். இதைக் கொண்டு எதைத் தீர்த்தார்கள் என்பதையும் அவர்கள் அறியவேண்டும் என்று எனக்கு ஆசை. அதற்கு ஒரு வகுப்பு நேரம் போதும். மீத்தேன், எத்திலீன், ஈதர், கார்பனின் இரண்டு ஆக்சைடுகள், இவற்றின் மூலக்கூறு எடைகளையும் கார்பன் சதவீதங்களையும் கரும்பலகையில் எழுதிப்போட்டு, கார்பன் அணுவின் எடை என்ன என்று கேட்கலாம். விடையை ஆசிரியர் சொல்லவேண்டிய அவசியம் இருக்காது.