பலூன் கொட்டகையும் ராலி காரும்

மீஞ்சூரில் ஏறி சென்ட்ரல் போகும் லோக்கல் ரயிலில் முப்பது வருடம் போய் வந்தவன் நான். எண்ணூர், கத்திவாக்கம், விம்கோ நகர் தாண்டினால் திருவொற்றியூர். அங்கேதான் 1946-ல் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். 1952-ல் பழைய டயருக்கு மேல் ஒட்டும் டிரெட் ரப்பர், 1961-ல் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்ட் கம்பெனி கூட்டில் முதல் டயர். மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி என்ற எம்.ஆர்.எஃப். இதெல்லாம் நம் வயதுக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். அந்தக் கம்பெனி ராலி அணி வைத்து வெளிநாட்டில் ஜெயித்த கதைதான் பலர் காதுக்கு எட்டவில்லை.

அதைச் சொல்லுமுன் சோழவரம் போய் வந்துவிடுவோம். இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுதளம் அது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1950-களிலிருந்து அங்கே கார், பைக் பந்தயம் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் புது டிராக் வந்தது, சோழவரம் அடங்கிவிட்டது. பந்தய நாளில் கட்டுச்சோற்றோடு போவோம். சத்தம் இரண்டு நாள் காதில் நிற்கும்.

என் அண்ணன் அப்போது ஒரு கார் ஷெட்டில் மெக்கானிக். முதலாளிக்குப் பந்தய ஆசை. ஃபியட் 1100-ன் 1089 சி.சி. இன்ஜின். ஹெட்டைச் சீவினால் கம்ப்ரஷன் ஏறும், வேகம் கூடும். ஆனால் அளவுக்கு மேல் சீவினால் நம்மூர் பெட்ரோல் தாங்காது, இன்ஜின் தட்டத் தொடங்கிவிடும். அண்ணன் போதும் என்றார். முதலாளி இன்னும் கொஞ்சம் என்றார். மூன்றாவது சுற்றில் ஹெட் கேஸ்கெட் போய், பானெட் எல்லாம் வெள்ளை ஆவி. பழி மெக்கானிக் தலையில்தான் விழுந்தது. மறுநாளே வேலை போயிற்று. அண்ணன் பழவேற்காட்டுக்குப் போய் படகு இன்ஜின் பழுது பார்த்துப் பிழைத்தார்.

அந்த ஷெட்டில் சோதித்துப் பார்க்க நேரமும் இல்லை, பணமும் இல்லை. பந்தயமே சோதனை. கம்பெனி அணியின் வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

ராலி என்பது வட்டப் பாதையில் துரத்துவதல்ல. காட்டுச் சாலையை மூடிவிட்டு ஒவ்வொரு காராக விடுவார்கள். பக்கத்தில் ஒருவர் வளைவுகளைப் படித்துச் சொல்லிக்கொண்டே வருவார். கூரான கல்லில் டயரின் பக்கச் சுவர் கிழியும். ரப்பர் மென்மையாக இருந்தால் பிடிப்பு உண்டு, சீக்கிரம் தேயும். கடினமாக இருந்தால் உழைக்கும், வழுக்கும். இதை ஆலைக்குள் உட்கார்ந்து முழுக்கக் கற்றுக்கொள்ள முடியாது. டயர் கம்பெனி ராலிக்குப் போவது விளம்பரத்துக்கு மட்டும் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன்.

எம்.ஆர்.எஃப். அணி செக் நாட்டு ஸ்கோடா ஃபேபியாவில் ஆசிய பசிபிக் ராலிக்கு இறங்கியது. காரைத் தயார் செய்து ஓட வைத்தது ஆஸ்திரேலியாவின் ரேஸ் டார்க். முதலில் வந்த எஸ்2000 வகைக்கு டர்போ இல்லாத 2 லிட்டர் இன்ஜின். பிறகு வந்த ஆர்5-க்கு 1.6 லிட்டர் டர்போ. டர்போ இருக்கிறதே என்று இஷ்டத்துக்குக் காற்றை இழுத்துவிட முடியாது. உள்ளே போகும் வழியில் 32 மில்லிமீட்டர் துளை உள்ள வளையம் கட்டாயம். சுமார் 280 குதிரைசக்தியோடு நிற்க வேண்டியதுதான். ஆகவே இன்ஜின்காரர்கள் உச்ச வேகத்தை விட்டுவிட்டு, வளைவிலிருந்து வெளியே வரும்போது கிடைக்கும் இழுவையைத் தேடினார்கள். அண்ணன் அன்றைக்குச் சொன்னதும் ஏறக்குறைய இதைத்தான்.

2012-ல் ஆஸ்திரேலியாவின் கிறிஸ் அட்கின்சன் பட்டம் வென்றார். 2013-ல் டெல்லியின் கௌரவ் கில், அந்தப் பட்டம் பெற்ற முதல் இந்தியர். 2016, 2017-லும் அவரே. இடைப்பட்ட இரு வருடங்களும் அதே அணிதான். 2019-ல் கில்லுக்கு அர்ஜுனா விருது; மோட்டார் பந்தயத்துக்கு அதுவே முதல் தடவை. 2022-ல் ஸ்பெயினின் எஃப்ரன் லாரேனா எம்.ஆர்.எஃப். டயரில் ஐரோப்பிய ராலி சாம்பியன்.

2013-ல் கில் ஜெயித்த செய்தியை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். பழவேற்காட்டுத் திண்ணையில் சாய்ந்திருந்தார். முழுக்கக் கேட்டுவிட்டு, "இன்ஜினைப் பூட்டினவன் பேரு போட்டிருக்கானாடா தம்பி?" என்றார்.

இல்லை அண்ணே என்றேன்.